ஆட்ரியின் வலது கால்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். இதை என் மனைவி ஆட்ரி சொல்லவேண்டியதே இல்லை, மாசாய் ஊரில் எங்கள் வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெயர் ரொனால்ட். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. பம்பு, வால்வு, குழாய் என்று இருபது வருஷம் கழற்றி மாட்டிய கை இது. அந்தத் திமிரில் என் காரை எந்தப் பட்டறையிலும் விடமாட்டேன். விட்டிருந்தால் இவ்வளவு அசிங்கப்பட்டிருக்கமாட்டேன்.

கார், சிவப்பு சத்ரியா ஜிடிஐ. இருபது வயசு தாண்டிய வண்டி. ஆனாலும் மிதித்தால் இன்னும் சீறும். வாங்கியது நான், கழுவுவது நான், ரோட் டேக்ஸ் என் பேரில். ஆனால் அதை ஓட்டத் தெரிந்தவள் ஆட்ரிதான்.

அவள் டயாலிசிஸ் சென்டரில் நர்ஸ். நாலு வருஷத்துக்கு முன்னால் பாசிர் கூடாங் ரேஸ் சர்க்கிட்டில், ஆளாளுக்குச் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கும் நாள் ஒன்றுக்கு என்னோடு வந்தாள். நான் ஆறு சுற்று ஓட்டிவிட்டு வேர்த்து விறுவிறுத்து இறங்கினேன். “நானும் ஒரு ரவுண்டு போலாமா?” என்றாள். சரி, ஆசைக்குப் போகட்டும் என்று ஹெல்மெட்டைக் கொடுத்தேன். மூன்றாவது சுற்றில் என்னைவிட இரண்டு நொடி குறைவாக வந்தாள். பொய் சொல்வானேன், எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஆபீசில் எல்லோரிடமும் அதையே பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

கார் பைத்தியங்கள் எல்லோரும் இன்ஜினைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆட்ரியின் வித்தை பிரேக்கில் இருந்தது. நேர்ப்பாதை முடிகிற இடத்தில், முதல் வளைவுக்கு எவ்வளவு தூரம் என்று காட்டும் பலகைகள் நட்டிருப்பார்கள்: நூற்றைம்பது, நூறு, ஐம்பது. நானெல்லாம் நூற்றைம்பதிலேயே மிதித்துவிடுவேன். அவள் நூறைத் தாண்டி மிதிப்பாள். ஒரே மிதி, டயர் கத்தாது, கார் ஆடாது. அப்படியே பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே வளைவுக்குள் இறக்குவாள். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று அதைப் பார்க்கும்போதெல்லாம், இது என் பெண்டாட்டி என்று பக்கத்தில் நிற்பவனிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடிந்ததே இல்லை.

போன வருஷம் அந்த முதல் வளைவில் அவள் நேராகப் போய் மணலில் இறங்கினாள்.

கியரைக் குறைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்து எப்படியோ நிறுத்தினாள். ஓரத்தில் அடுக்கியிருந்த டயர் சுவருக்கும் காருக்கும் நடுவில் ஐந்து மீட்டர்கூட இல்லை. நான் ஓடினேன். ஓடிப்போய் என்ன கேட்டேன் தெரியுமா? அடி பட்டதா என்று கேட்கவில்லை. “எத்தனை தடவை சொன்னேன், இவ்ளோ லேட்டா மிதிக்காதேன்னு!” என்று கத்தினேன். அங்கே இருந்த அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, “பெடல் இல்ல, ரொனால்ட். கால் தரைக்குப் போயிடுச்சு” என்றாள். காரை இழுத்து வந்து நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்து நான் ஏறி மிதித்துப் பார்த்தேன். பெடல் நன்றாகவே நின்றது. “பாரு, இருக்கே!” என்று எல்லோருக்கும் காட்டினேன். என் கூட்டாளி ஜீவன்கூட ஏறி மிதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். ஆட்ரி ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து பிரேக் ஆயிலைத் திறந்து பார்த்தேன். பால் விடாத கோப்பி ஓ மாதிரி கறுத்துக் கிடந்தது. இரண்டு வருஷமாக நான் மாற்றவே இல்லை. பழைய ஆயில் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். சூடேறினால் கொதித்து ஆவியாகிவிடும், பெடல் காணாமல் போகும். ஆறினால் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பி வந்து நிற்கும். இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஆட்ரி சொன்னது முழுக்க உண்மை, தப்பு முழுக்க என்னுடையது. புது ஆயிலை ஊற்றிவிட்டு, கறுப்புத் தண்ணீரை டின்னில் மூடி வைத்துவிட்டு, வாயையும் மூடிக்கொண்டேன்.

ஆட்ரி அதன் பிறகு அந்தக் காரில் ஏறவில்லை. வேலைக்குப் போகும் சின்ன மைவி காரில்கூட, சிக்னல் தெரிந்தவுடன் தூரத்திலேயே பிரேக்கை மிதிக்க ஆரம்பித்தாள். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பேன். சொல்லவேண்டியதைச் சொல்லத் துப்பில்லாதவன் வேறு என்ன செய்வான்? புது பிரேக் போட முடிவு செய்தேன்.

சாதாரண பிரேக் இல்லை. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் என்று ஒன்று உண்டு. சத்ரியாவில் இருந்ததற்கு ஒரு பிஸ்டன். நான் தேடியது நாலு பிஸ்டன் வைத்தது. உலு திராம் தாண்டி கோத்தா திங்கி போகிற ரோட்டில் அய்யூப் பாய் ஹாஃப் கட் கடை வைத்திருக்கிறார். ஜப்பானில் ஓடி முடித்த கார்களைக் குறுக்கே வெட்டி, முன்பாதியை மட்டும் கப்பலில் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். வாசலில் இருந்து பின்சுவர் வரைக்கும் பாதிக் கார்கள் மூக்கை நம் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். நான் நின்று பார்க்கப் பார்க்க ஒரு மூக்கிலிருந்து இரண்டு காலிப்பரையும் கழற்றி, மஞ்சள் சாக்பீஸால் ஒன்றில் கிரி, இன்னொன்றில் கானன் என்று எழுதிக் கொடுத்தார்கள். இடது, வலது. துடைத்துப் பார்த்தேன், பிஸ்டன் எல்லாம் வழுவழுவென்று இருந்தது. அந்த இரண்டையும் மடியில் வைத்துக் கொஞ்சாத குறைதான்.

பெரிய டிஸ்க் வாங்கினேன். லேத் பட்டறையில் பிராக்கெட் செய்தேன். புது ஓஸ் குழாய், புது பிரேக் பேட், நல்ல ஆயில். ஒரு சனிக்கிழமை காலை வீட்டு முன்னால் காரைத் தூக்கி நிறுத்தி, கிரியை இடது பக்கமும் கானனை வலது பக்கமும் மாட்டினேன். ஓஸ் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு வந்தது. புதுசுதானே, போகப் போகச் சரியாகிவிடும் என்று இழுத்து மாட்டினேன்.

பிரேக் மாட்டினால் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றவேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு காலிப்பரில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூடவேண்டும். ஆட்ரி காலை ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

“கொஞ்சம் பெடல் மிதிச்சுக் குடுக்கிறியா?”

அவள் காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “மிதிக்கிறேன். ஆனா ஒண்ணு. பெடல் எனக்குச் சரின்னு பட்டா சர்க்கிட்டுக்கு வரேன். படலேன்னா வண்டிய வித்துடுங்க. அதுக்கப்புறம் இதப் பத்திப் பேச்சே வேணாம்.”

“சரி” என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தாள். எங்கள் ஊரில் இந்த வேலைக்கு மலாயில்தான் குரல் கொடுப்போம். “பம்! பம்! பம்! தஹான்!” என்று நான் கத்த, “தஹான்!” என்று அவள் மிதித்துப் பிடித்துக்கொண்டு பதில் சொல்ல, நான் திருகைத் திறப்பேன், குமிழி குமிழியாக ஆயில் குழாயில் வரும், மூடுவேன். “லெப்பாஸ்!” என்றால் விடவேண்டும். நாலு சக்கரமும் முடித்தோம். குமிழி நின்றது.

“எப்படி?”

“சாஃப்டா இருக்கு.”

இன்னொரு தடவை நாலு சக்கரமும். அரை பாட்டில் ஆயில் போனது. “இப்போ?”

“இன்னும் சாஃப்ட்தான்.”

மூன்றாவது தடவையும் முடித்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. ஆட்ரியை இறக்கிவிட்டு நானே ஏறி டப் டப்பென்று இரண்டு மிதி மிதித்தேன். கல்லு மாதிரி நின்றது. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எல்லாம் உன் மனசுலதான் இருக்கு என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீங்க ரெண்டு தடவ அடிச்சு மிதிக்கிறீங்க. அப்போ நிக்கத்தான் செய்யும். கால எடுங்க. ஒரு நிமிஷம் சும்மா இருங்க. அப்புறம் ஒரே ஒரு தடவ மிதிங்க.”

ஒரு நிமிஷம் பேசாமல் உட்காருவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். உட்கார்ந்தேன். மிதித்தேன். பாதம் பாதி தூரம் ஆழத்தில் இறங்கிவிட்டுத்தான் நின்றது. போன வருஷம் எல்லோருக்கும் மிதித்துக் காட்டினேனே, அதே அவசரக் கால்தான் இது. இறங்கினேன்.

இறங்கினேனே தவிர, கோபம் யார் மேலாவது இறங்கவேண்டுமே. அய்யூப் பாய்க்கு போன் போட்டேன். “பாய், காலிப்பர் லீக்! ஓட்டைச் சாமான தலையில கட்டிட்டீங்க!” என்று கத்தினேன். அவர் பொறுமையாக, “எங்கே ஒழுகுதுன்னு பாத்து சொல்லு தம்பி” என்றார். எங்கேயும் ஒழுகவில்லை. அதுதான் பிரச்சினையே.

நான் போனில் கத்திக்கொண்டிருக்கும்போது ஆட்ரி முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். யூனிபாரம் அழுக்காகும் என்றுகூட நினைக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இந்த ஸ்க்ரூ வழியாத்தானே காத்து வெளிய வருது?”

“ஆமா.”

“காத்து எப்பவும் எங்க போய் நிக்கும்?”

“மேலே.”

“அப்ப ஸ்க்ரூ ஏன் கீழ இருக்கு?”

போனைக் காதில் வைத்தபடியே நான் குனிந்தேன். திருகு காலிப்பரின் அடியில் இருந்தது. இரண்டு பக்கமும். மூன்று தடவை அதைத் திறந்து மூடியிருக்கிறேன், என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது, தெரியவில்லை.

“எங்க மெஷின்ல ரத்தம் ஆளுக்குத் திரும்பிப் போற லைன்ல ஒரு சின்ன சேம்பர் இருக்கும்” என்றாள். “அது நிமிந்துதான் நிக்கணும். அப்பத்தான் காத்து மேல தங்கும், கீழேர்ந்து ரத்தம் மட்டும் போகும். கவுந்துட்டா ஆள் காலி. தினமும் எட்டுப் பேருக்கு அதத்தான் முதல்ல பாக்கிறேன். இத நீங்க தலைகீழா மாட்டியிருக்கீங்க.”

“கிரிய கிரியிலதான் மாட்டினேன்! சாக்பீஸ்ல எழுதியிருக்கே!”

போனில் அய்யூப் பாய் சிரிக்க ஆரம்பித்தார். “அலமாக், தம்பி! வண்டி மூக்கு நம்மளப் பாத்து நிக்குது. கழட்டுறவன் மூக்குக்கு முன்னால நின்னு, அவன் கைக்கு எது கிரியோ அத எழுதுவான். வண்டிக்கு அது கானன் லா!”

“இத்தன வருஷமா ஒருத்தர்கூட உங்கள்ட்ட சொல்லலியா?”

“வாங்குறவன் எல்லாம் மெக்கானிக்கு. சாமானப் பாத்து மாட்டுவான். சாக்பீஸ் எழுத்த எவன் படிக்கிறான்?”

ஐயோ சேசுவே! இருபது வருஷ அனுபவம் என்று மார் தட்டினவனுக்கு இது தேவைதான். மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்தவில்லை.

ஆட்ரியைப் பார்த்தேன். கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். இரண்டு பக்கத்தையும் கழற்றி மாற்றி மாட்டினேன். இந்தத் தடவை ஓஸ் சமர்த்தாக வளைந்து உட்கார்ந்தது. திருகு மேலே வந்தது. “பம்! பம்! பம்! தஹான்!” திறந்தேன். உள்ளே பதுங்கியிருந்த காற்று எல்லாம் புஸ்ஸென்று துப்பிக்கொண்டு வெளியே வந்தது. எனக்குக் கைதட்டவேண்டும்போல் இருந்தது.

எல்லாம் முடிந்தபின் நான் கேட்கவில்லை. காத்திருந்தேன். அவள் காலை எடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் இருந்தாள். ஒரே ஒரு தடவை மிதித்தாள்.

“இருக்கு” என்றாள்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து, ஆள் நடமாட்டமில்லாத தொழிற்பேட்டை ரோட்டில் புது பிரேக் பேட்களை டிஸ்க்கோடு பழக்கினோம். எண்பதிலிருந்து இருபதுக்கு, நிறுத்தாமல், திரும்பத் திரும்ப. அவள்தான் ஓட்டினாள். அடுத்த வாரம் சர்க்கிட்டுக்கு வருகிறேன் என்றாள். என் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது. இன்னொரு பாரம் அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிறு சர்க்கிட்டில் அவளை அனுப்பிவிட்டு வேலியோரம் நின்றேன். ஜீவனும் வந்திருந்தான். போன வருஷம் பார்த்த முகங்கள் எல்லாம் இருந்தன. சிவப்பு சத்ரியா நேர்ப்பாதையில் வந்தது. நூற்றைம்பது பலகைக்கு ரொம்ப முன்னாலேயே பிரேக் விளக்கு எரிந்தது. இரண்டாவது சுற்றும் அப்படித்தான். மூன்றாவது சுற்றும். பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. அவ்வளவு பெரிய பிரேக்கை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட வாசலைக் கடக்கிற மாதிரி போய்க்கொண்டிருந்தாள்.

“அண்ணிக்கு இன்னும் பயம் போகல போல அண்ணே” என்றான் ஜீவன். “பிரேக்க மாத்திட்டீங்க, கால மாத்த முடியுமா?”

எனக்கு வந்ததே கோபம்! ஆனால் இந்தத் தடவை அது போகவேண்டிய இடத்துக்குப் போனது. “அவ கால் மேல ஒரு குத்தமும் இல்லடா!” என்று கத்தினேன். கத்தினால் எனக்கு அளவு தெரியாது. அந்த வரிசையே திரும்பிப் பார்த்தது. “போன வருஷம் ஆயில் கொதிச்சுப் போச்சு! ரெண்டு வருஷமா நான் மாத்தல! பெடல் இல்லன்னு அவ சொன்னது நெசம். நான்தான் முட்டாள் மாதிரி எல்லார் முன்னாலயும் அவள ஏசினேன்!”

ஜீவன் வாயைத் திறந்தபடி நின்றான். எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், சொல்லவேண்டியவளைத் தவிர.

ஆட்ரி காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தி, கண்ணாடியை இறக்கினாள். நான் ஜன்னலில் குனிந்தேன். கத்துவதற்குக் குரல் இருந்தது, மெதுவாகப் பேச இல்லை.

“போன வருஷம் பெடல் இல்லதான், ஆட்ரி. பழைய ஆயில். கொதிச்சுப் போச்சு. என் தப்பு. நீ சரியான இடத்துலதான் மிதிச்சே.”

அவள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னையே பார்த்தாள். “எப்போ தெரிஞ்சுது?”

“மூணு வாரத்துல.”

“இப்ப எட்டு மாசம் ஆவுது.”

“ஆமா.”

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இடது கை கியர் பக்கம் இல்லை, தொடைமேல் இருந்தது, விரல்கள் துணியைப் பிடித்திருந்தன.

“எட்டு மாசமா என் கால நானே நம்பல, ரொனால்ட். சிக்னல்ல நிக்கிறப்ப எல்லாம் நம்பல. சென்டர்ல ஊசி போடறப்பகூட, கை சொல்றது சரியான்னு ரெண்டு தடவ பாத்தேன். அது தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது என்றால் பொய். அந்த மைவியில் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தவன் நான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஜீவன் பார்க்கிறான் என்றுகூடத் துடைக்கவில்லை. “தெரியும்” என்றேன். “மன்னிச்சுக்கோ.”

அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பக்கத்து சீட்டில் கிடந்த என் ஹெல்மெட்டை எடுத்து நீட்டினாள்.

“ஏறுங்க.”

“நானா?”

“வெளிய நின்னு பாத்தது போதும். ஏறுங்க.”

நாலு வருஷத்தில் அந்தக் காரில், அந்தத் தடத்தில், அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. பெல்ட்டை இழுத்து மாட்டினேன். முதல் சுற்று டயரைச் சூடாக்க என்று நிதானமாகப் போனாள். கடைசி வளைவிலிருந்து வெளியே வந்ததும் காலை முழுக்க இறக்கினாள். சீட் என்னைப் பின்னால் அழுத்தியது. மூன்றாவது கியர், நாலாவது. வேலியும் ஆட்களும் ஒரே கோடாக ஓடின. அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தூரத்தில் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நூற்றைம்பது வந்தது. நான் என் வலது காலைப் பலம் கொண்ட மட்டும் மிதித்தேன். என் காலுக்கடியில் வெறும் தரைவிரிப்புதான் இருந்தது.

“ஆட்ரி!” என்று அலறினேன்.

நூறு எங்களைத் தாண்டிப் போனது. என் மனைவி இன்னும் மிதிக்கவில்லை.